கணினிப் படைக்குக் கஞ்சி ஊற்றுவது யார்?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் மாலை. மதுரையில் வேலை பார்க்கும் என் மாமா மகன் மடிக்கணினியும் கையுமாகப் போடிக்கு வந்திருந்தான். அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவன் என் தம்பி. பள்ளி மாணவன்தான், ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்கு அவனே இராசேந்திர சோழன். திரையில் யானைகள் அணிவகுத்து நின்றன. வாள்வீரர்கள் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டார்கள். தம்பி தொட்ட போதெல்லாம் அவர்கள் தமிழிலேயே விடை சொன்னார்கள். கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா ஏலத்தோட்டத்து வேலை முடிந்து வந்து சேர்ந்தார். போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஜீப்பில் இடிபட்டு இறங்கிய களைப்பு முகத்தில் தெரிந்தது. தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியின் தோளுக்கு மேலாகச் சற்று நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: “ஏப்பா, இம்புட்டுப் பேருக்கும் யாரு சோறாக்கிப் போடுறது?”

தம்பி சிரித்தான். மாமா மகனும் சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். இரவு படுத்த பிறகுதான் அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. இன்னும் விட்டபாடில்லை. கல்லூரி ஆண்டு மலரில் எழுத வேறு பொருளா கிடைக்கவில்லை என்று பேராசிரியப் பெருமக்கள் யாரேனும் எண்ணினால், ஐந்து நிமிடம் பொறுத்தருள வேண்டுகிறேன்.

அந்த விளையாட்டின் பெயர் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’. அதன் இரண்டாம் பகுதி 1999-இல் வெளிவந்தது. 2013-இல் அதனோடு ‘இந்தியர்’ என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். இமயம் முதல் குமரி வரை ஒரே படை, ஒரே மொழி! குறைகள் எழ, 2022-இல் இந்தியாவுக்கென்றே தனிப் பகுதி ஒன்றை வெளியிட்டு வங்காளியர், கூர்ஜரர், திராவிடர் என்று பிரித்தார்கள். திராவிடப் படை தமிழ் பேசிற்று. இராசேந்திரனின் போர்கள் ஒரு தனித் தொடராகவே அமைந்தன. 2025-இல் வந்த ‘சிவிலைசேஷன்’ ஏழாம் பகுதியிலும் சோழர் உண்டு. மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுக்களின் பெயர்களைக்கூட அதில் காணலாம். ஆராய்ச்சி நூல்களில் மட்டும் உறங்கிக் கிடந்த பெயர்கள் உலகத்துச் சிறுவர்களின் விரல் நுனிக்கு வந்துவிட்டன. இது சிறிய செய்தியன்று.

பண்டைப் படைகளை உள்ளபடியே காட்ட வேண்டும் என்று வாதிடுவோர் உலகெங்கும் இருக்கிறார்கள். 2004-இல் ‘ரோம்: டோட்டல் வார்’ என்றொரு விளையாட்டு வந்தது. கதை கி.மு. 270-இல் தொடங்குகிறது. அப்போது எகிப்தை ஆண்டவர்கள் மாசிடோனிய மரபினரான தாலமி மன்னர்கள். அவர்களுடைய காலாட்படை கிரேக்க முறையில் நீண்ட ஈட்டி பிடித்து நின்ற படை. விளையாட்டிலோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பாரோக்களின் வீரர்களைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்! பிரமிடு என்றால்தானே எகிப்து என்று நினைத்திருப்பார்கள் போலும். இதைப் பொறுக்காத ஆர்வலர் குழு ஒன்று, கூலி ஏதும் வாங்காமல், ‘யூரோபா பார்பரோரம்’ என்ற பெயரில் அந்த விளையாட்டையே திருத்தி அமைத்தது. கேடயம், தலைக்கவசம், கட்டளை மொழி என ஒவ்வொன்றையும் நூல்களோடு ஒப்பிட்டுச் செய்தார்கள். அவர்களுடைய உழைப்பை நான் வணங்குகிறேன்.

நம் பக்கத்துக்கு வருவோம். 2022-ஆம் ஆண்டின் திராவிடப் படைக்கென்று சிறப்பாகக் கொடுக்கப்பட்ட வீரன் சுருள்வாள் வீசுபவன். களரியில் அந்த வாளைச் சுழற்றுவது காணத்தக்க கலை. ஆனால் இயற்பியல் படிக்கும் எனக்கு ஓர் ஐயம். தன்னைச் சுற்றி ஓர் ஆள் நீளத்துக்குச் சுழலும் இரும்பு நாடாவைப் பிடித்தவன் பக்கத்தில் இன்னொருவன் அதே வாளோடு எப்படி நிற்பான்? நாற்பது பேர் நெருங்கி நடந்தால் பகைவன் வருமுன்னே படை பாதியாகிவிடாதா? அதே போல் நம் போர்க்கப்பலுக்குத் ‘திரிசடை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்குத் தெரிந்த திரிசடை அசோகவனத்தில் சீதைக்கு ஆறுதல் சொன்னவள். கலம், நாவாய், வங்கம், அம்பி, தோணி என்று தமிழில் கப்பலுக்குப் பெயரா பஞ்சம்?

‘திராவிடர்’ என்ற ஒரே பெயரில் தென்னாட்டையே அடக்கியதும் சிக்கல்தான். 949-இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தனை வீழ்த்தியது இராட்டிரகூடர், கங்கர் படை. அந்தப் போரை இந்த விளையாட்டில் ஆடப் புகுந்தால் இரண்டு பக்கமும் திராவிடரே நிற்க வேண்டும்!

இவையெல்லாம் சுட்டிக்காட்ட வேண்டிய பிழைகள், மறுக்கவில்லை. ஆனால் வாளின் வளைவையும் கப்பலின் பெயரையும் நூற்றுக்கு நூறு சரியாக்கிவிட்டாலும் அம்மா கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. ஏனென்றால் அந்த விளையாட்டில் ஒரு வீரனை உருவாக்க ஒரே ஒரு முறை உணவும் பொன்னும் செலுத்தினால் போதும். பிறகு அவன் சாகும்வரை ஒரு பருக்கை உண்பதில்லை; ஒரு மிடறு நீர் கேட்பதில்லை. பாசறையில் பத்து ஆண்டு நிறுத்தி வைத்தாலும் இளைப்பதில்லை. இதைவிடப் பெரிய வரலாற்றுப் பிழை சுருள்வாளில் இல்லை என்பது என் துணிபு.

என் தாத்தா கொட்டகுடிப் பக்கத்து மலை ஊர்களுக்குத் தலைச்சுமையாக அரிசி கொண்டு போனவர். சுமைக்காரனுக்கும் வயிறு உண்டு என்பதை அவர் வேடிக்கையாகச் சொல்வார்: “மேல போய்ச் சேருறதுக்குள்ள மூட்டையே நம்மளத் தின்னுரும், இல்லாட்டி நாம மூட்டையத் தின்னுருவோம்.” அந்த வேடிக்கையை நான் கணக்காகப் போட்டுப் பார்த்தேன்.

ஒருவர் 30 கிலோ சுமப்பதாக வைத்துக்கொள்வோம். உழைக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு முக்கால் கிலோ அரிசி வேண்டும். ஆயிரம் வீரர் பத்து நாள் நடக்க வேண்டும் என்றால், சுமப்பவரின் சாப்பாட்டையும் சேர்த்து, 334 சுமையாட்கள் தேவை. இருபது நாள் என்றால் ஆயிரம் பேர். வீரனுக்கு ஒரு சுமையாள். முப்பது நாளா? மூவாயிரம் பேர். நாற்பது நாள் என்று வைத்தால் கணக்கே உடைந்துபோகிறது. 30 கிலோவும் நாற்பது நாளில் சுமப்பவனின் வயிற்றுக்கே சரியாகிவிடும். இலட்சம் பேரைச் சேர்த்தாலும் வீரனுக்கு ஒரு பிடி மிஞ்சாது. திரும்பி வரும் வழிச் சோற்றை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. (இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டியபோது மாமா மகன் இரண்டு முறை சரிபார்த்தான்.)

பொதிமாடுகள் இருந்தனவே என்று நீங்கள் கேட்பீர்கள். இருந்தன. மாடு ஆளைவிட அதிகம் சுமக்கும். வழியில் கிடைக்கும் புல்லை மேயும். ஆனால் ஆயிரக்கணக்கான மாடுகள் போன தடத்தில் பின்னால் வரும் மாட்டுக்குப் புல் ஏது? கோடையில் நீர் ஏது? நாற்பது நாள் என்ற எல்லை தள்ளிப்போகும், அழிந்துபோகாது.

இப்போது கங்கைப் படையெடுப்பை எண்ணிப் பாருங்கள். 1022-ஐ ஒட்டிச் சோழர் படை வடக்கே போயிற்று. மன்னன் கோதாவரிக் கரையில் காத்திருந்தான். தஞ்சைக்கும் கங்கைக்கும் இடையே நேர்க்கோட்டிலேயே 1500 கிலோமீட்டருக்குக் குறையாது. நாளுக்குப் பதினைந்து கிலோமீட்டர் நடந்தாலும் போவதற்கே நூறு நாள். சோழ நாட்டு நெல்லைச் சோழ நாட்டிலிருந்தே சுமந்துகொண்டு அந்தப் படை போயிருக்க முடியாது. பிறகு எங்கே சாப்பிட்டது? வழியிலிருந்த ஊர்களில் சாப்பிட்டது. விலை கொடுத்த இடம் இருக்கலாம். திறையாக வாங்கிய இடம் இருக்கலாம். களத்துமேட்டில் கிடந்ததை அள்ளிக்கொண்ட இடமும் இருக்கத்தான் செய்யும்.

கர்நாடகத்து ஹொட்டூரில் 1007-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உண்டு. சாளுக்கிய மன்னன் சத்தியாசிரயன் காலத்தது. ஒன்பது இலட்சம் பேர் கொண்ட சோழப் படை நாட்டைச் சூறையாடிப் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றது என்று அது கூறுகிறது. பகைவர் எழுதியது; கூட்டித்தான் எழுதியிருப்பார்கள். ஒன்பது இலட்சம் என்பதை என் அரிசிக் கணக்கே ஏற்றுக்கொள்ளாது. ஒரு நாளைக்கு 675 டன் அரிசிக்கு எங்கே போவது? ஆனால் எண்ணிக்கை பொய் என்பதனால் சூறையும் பொய் என்று சொல்லிவிடலாமா? நாம் தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்து மார்தட்டுகிறோம், தட்டலாம். அதே கோயில் கல்வெட்டுகளில் ‘தெரிந்த வில்லிகள்’, ‘குதிரைச் சேவகர்’, ‘வலங்கை வேளைக்காரர்’ என்று படைப்பிரிவுகளின் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் அந்தப் படைகளுக்கு நெல் கொடுத்த வழியோரத்து ஊர்க்காரர் யார் என்று நம்மில் யாராவது கேட்டோமா? அம்மா கேட்டார்.

யானைக்கு வருகிறேன். இந்த ஊர்க்காரர்களுக்கு யானையைப் பற்றி எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை. விளையாட்டில் அரை நிமிடத்தில் ஒரு போர்யானை பிறந்துவிடுகிறது. உண்மையில் தாய் வயிற்றிலேயே அது இருபத்திரண்டு மாதம் இருக்கிறது. இருபது வயது யானையைப் பிடிக்க வேண்டும் என்கிறது அர்த்தசாஸ்திரம். கட்டிவைத்து வளர்த்தால் கட்டுபடியாகாது என்பதனால்தான் காடு வளர்த்துவிட்ட யானையைப் பிடித்தார்கள். வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தீவனம் வேண்டும். நூறு யானை என்றால் பதினைந்து டன். போடி ஏலக்காய் மண்டிகளுக்கு வந்து நிற்கும் லாரிகளைப் பார்த்தவர்களுக்கு அந்த அளவு விளங்கும். அதுவும் ஒரு நாளைக்கு.

2023-இல் நடந்ததை நாம் மறக்க முடியுமா? நமக்கு நேர் மேலே சின்னக்கானலில் திரிந்த அரிக்கொம்பன், அரிசிக்காக நியாயவிலைக் கடையையும் வீடுகளையும் உடைத்ததனால் பெயர் பெற்ற யானை. ஏப்ரல் இறுதியில் கேரள வனத்துறையினர் அதைப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது ஒரு மாதத்தில் மலையைச் சுற்றிக்கொண்டு கம்பம் நகருக்குள் இறங்கிவிட்டது. நகரில் 144 தடை உத்தரவு போட்டார்கள். காயமுற்ற ஒருவர் உயிரிழந்தார். ஜூன் 5 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். நான் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரத்துக்குத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பும்வரை அம்மாவுக்காக வீட்டில் எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரே ஒரு யானை. கும்கிகள், மருத்துவர்கள், வனத்துறை, காவல்துறை என்று ஓர் அரசாங்கமே திரண்டது.

திரையில் நிற்கும் யானை அப்படியா? சொன்ன இடத்தில் நிற்கிறது. சொன்ன சுவரை முட்டுகிறது. அம்பு பட்டால் மிரண்டு சொந்தப் படையை மிதிப்பதில்லை. மதம் கிடையாது. பாகன் செத்தால் என்ன ஆகும் என்ற கேள்வியே இல்லை. தக்கோலத்தில் மாண்ட இராசாதித்தனுக்கும், 1054-இல் கொப்பத்தில் மாண்ட இராசாதிராசனுக்கும் ‘யானைமேல் துஞ்சிய’ என்ற அடைமொழி வந்ததன் பொருளை நினைத்துப் பாருங்கள். யானை மேல் ஏறிய மன்னன் களம் முழுவதையும் பார்க்கலாம். களம் முழுவதும் அவனையும் பார்க்கும். இந்த ஒன்றை மட்டும் விளையாட்டில் விதியாக வைத்தால் போதும்: ஏறுவதா வேண்டாமா என்று என் தம்பி பத்து நிமிடம் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பான்.

குதிரையும் அப்படித்தான். திராவிடப் படைக்குக் குதிரை வலுவைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். அது உண்மைக்கு நெருக்கம், பாராட்ட வேண்டும். ஆனால் காரணத்தை ஆடுபவன் அறிவதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கடல் வழியே வந்திறங்கியதையும், ஓராண்டுக்குள் அவற்றில் பெரும்பகுதி செத்துப்போனதையும் எழுதிவைத்தார். சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துக் குதிரைக்குக் கொடுத்தார்களாம்! பாண்டியனாக ஆடுபவன் முத்தைக் கொடுத்துக் குதிரை வாங்க வேண்டும். அடுத்த ஆண்டு மறுபடியும் வாங்க வேண்டும். முத்துக்குளிப்பு பொய்த்தால் குதிரைப்படை இல்லை. எத்தனை சுவையான ஆட்டம்!

இதைப் பேசியபோது விடுதி நண்பன் ஒருவன் மடக்கினான். “விளையாட்டை விளையாட்டாக விடு. வரலாறு வேண்டுமானால் நூலகத்துக்குப் போ. சதுரங்கத்தில் யானை தீவனமா தின்கிறது?” நல்ல கேள்வி. சதுரங்கம் எந்த மன்னன் பெயரையும் சொல்லிக்கொள்வதில்லை. எந்த ஆண்டையும் குறிப்பதில்லை. இராசேந்திரன் என்று பெயரிட்டு, அவன் போர்களின் கதையையும் சொல்லி, தமிழும் பேசவிட்ட பிறகு அது வெறும் விளையாட்டாக நிற்பதில்லை. என் தம்பி பாடப் புத்தகத்தை ஒரு முறை புரட்டுகிறான். இதை நூறு முறை ஆடுகிறான். அவன் மனத்தில் தங்கப்போகும் சோழன் எவன்?

சோறு, தீவனம் என்று விதி சேர்த்தால் ஆட்டம் சலித்துவிடும் என்பாரும் உண்டு. சீனத்து மூன்று அரசுகளைப் பற்றி 2019-இல் வந்த ‘டோட்டல் வார்’ விளையாட்டில் படைக்கு உணவு இருப்பு என்று ஒரு கணக்கு உண்டு. பகை நாட்டில் நெடுநாள் நின்றால் அது குறையும். மக்கள் அதையும் விரும்பித்தான் ஆடினார்கள். சீனப் படைக்குப் பசிக்குமாம், சோழப் படைக்குப் பசிக்காதாமா?

இன்னொன்று சொல்ல வேண்டும். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ ஆடித் தேர்ந்தவர்கள் முதலில் பெருக்குவது வீரர்களை அன்று, குடியானவர்களை. ஐம்பது உணவு கொடுத்தால் இருபத்தைந்து நொடியில் ஒரு குடியானவர் வந்து மரம் வெட்டுவார், பொன் தோண்டுவார், வயல் உழுவார், கோட்டை கட்டுவார். யாரிடம் குடியானவர் அதிகமோ அவரே பெரும்பாலும் வெல்வார். ஆடுபவர்களுக்கெல்லாம் இது தெரியும். ஆனால் பெட்டியின் அட்டையில் மன்னன் படம். கதைத் தொடரில் மன்னன் பெயர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பழைய காலத்துப் போர்களில் என் முன்னோர் எங்கே இருந்திருப்பார்கள் என்று தேடினால் யானை மேல் இருந்திருக்க மாட்டார்கள். சுமை தூக்கியிருப்பார்கள், அல்லது படை வருகிறது என்று கேள்விப்பட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு மலைக்கு ஏறியிருப்பார்கள்.

மாடு என்றதும் புலிமான்கோம்பை நினைவுக்கு வருகிறது. நம் தேனி மாவட்டம், ஆண்டிபட்டி வட்டம், வைகைக் கரை ஊர். அங்கே 2006-இல் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. இந்தியாவில் கிடைத்த எழுத்துடைய நடுகற்களில் இவையே மிகப் பழையவை என்று அறிஞர் கருதுகிறார்கள். கிறித்து பிறப்பதற்கு முந்திய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது மாடு கவர்ந்த பூசலில், இறந்த அந்தவன் என்பவனுக்கு நட்டது. பேரரசு இல்லை, யானை இல்லை, கவசம் இல்லை. சில மாடுகள், சில ஆட்கள், ஒரு சாவு. ஆனாலும் ஊரார் அவன் பெயரைக் கல்லில் வெட்டிவைத்தார்கள்.

இதை ஒரு விளையாட்டாகச் செய்ய முடியாதா என்று கணினித்துறை நண்பர்களைக் கேட்கிறேன். முப்பது பேர் உள்ள ஓர் ஊர், ஒரு மந்தை, ஓர் ஆறு, வறண்டு வரும் கோடை. மாட்டை இழந்தால் ஊருக்குப் பால் இல்லை, ஏர் இல்லை. மீட்கப் போனால் யாரோ ஒருவர் திரும்பி வரமாட்டார். போகிறவர்களுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொடுக்க எத்தனை நாளுக்குத் தானியம் இருக்கிறது என்று முதலில் எண்ண வேண்டும். வெட்சி, கரந்தை என்று திணையும் துறையும் தமிழ்த்துறையில் கேட்டால் கிடைக்கும். அரிசிக் கணக்கு நான் போட்டுத் தருகிறேன்.

தம்பியிடம் இதைச் சொன்னேன். “யானை வருமா?” என்று கேட்டான். வரும், ஆனால் தானாக வரும், நீ கூப்பிட்டு வராது என்றேன். சிறிது யோசித்துவிட்டு, அப்படியென்றால் ஆடுவேன் என்றான். அடுத்த விடுமுறையில் அவனையும் கூட்டிக்கொண்டு புலிமான்கோம்பைக்குப் போய், அந்தக் கற்கள் கிடைத்த இடத்தைப் பார்த்து வருவதாக இருக்கிறேன். ஆண்டிபட்டி வரை பேருந்தில் போய்விடலாம். அதற்கு மேல் வழி கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். அம்மா கட்டுச்சோறு கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.